பச்சையை நம்பாதவள்

ரோஸ்லின் அடுப்பை அணைத்தாள். உடனே மறுபடி பற்றவைத்து, நீலச் சுடரைக் கண்ணாரப் பார்த்தபின் அணைத்தாள்.

"ஏட்டி, பஸ் போயிரும்!" வாசலிலிருந்து கத்தினான் கணவன் டேனியல்.

"எரியுதான்னு பாத்தாத்தானே அணைஞ்சத நம்ப முடியும்?"

அப்புறம் பூட்டு. அதை அவள் இழுத்துப் பார்க்கிற சத்தத்தில் பக்கத்துத் திருமுல்கேரி முகாமிலிருக்கும் ராணுவமே ஒரு தடவை எழுந்து நின்று உட்காரும். கல்யாணத்தன்று மோதிரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்த பிறகுதான் பாதிரியாரை மேலே பேசவிட்டாள் என்றும் ஒரு பேச்சு உண்டு.

பாளையங்கோட்டைக்காரி. ஹைதராபாதில் சிப் வடிவமைப்புகளைச் சோதிக்கிற வேலை. ஃபாக்டரிக்குப் போகுமுன் சிப்பைக் கணினிக்குள்ளேயே ஓடவிட்டு, ஆயிரக்கணக்கான சோதனைகளால் குடைந்தெடுக்க வேண்டும். தயாரித்துவிட்டால் திருத்த முடியாது. இப்போதைய சிப், நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்புக்கானது. குழாய் அடைத்தால் அது பம்பை நிறுத்த வேண்டும். இன்று மாலை ஐந்துக்குள் ரோஸ்லின் ஒப்புதல் தந்தாக வேண்டும்.

மதியம் மூவாயிரம் சோதனைகளும் தேறித் திரை முழுக்கப் பச்சை. மற்றவர்களானால் கேக் வெட்டியிருப்பார்கள். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை.

"கைக்கு, எதுக்கு இந்த டென்ஷன்? ஓகே போடும்மா," என்றார் மேலாளர் கிருஷ்ணகுமார், செகந்திராபாதிலேயே பிறந்து வளர்ந்த, பேச்சில் உருது கலக்கும் தமிழர்.

"ஒரே ஒரு தப்பை நானே வச்சுப் பாத்துக்கிடுதேன் சார்."

"நக்கோ, வேணாம்! நல்லா இருக்கறதைக் கெடுத்து..."

அதற்குள் கெடுத்துவிட்டாள். குழாய் அடைத்தாலும் பம்பு நிற்காதபடி ஒரு வரியை மாற்றி ஓடவிட்டாள். சோதனைகள் அலறியிருக்க வேண்டும். அத்தனையும் பச்சை.

கிருஷ்ணகுமாரின் டீ வாய்க்குப் போகாமல் நின்றது. ரோஸ்லின் சோதனை நிரல்களுக்குள் இறங்கினாள். தேடிப்பார்த்தால், குழாயடைப்பைக் கண்காணிக்கும் நிரல் அணைந்து கிடந்தது. போன மாதம், வீணாகக் கத்துகிறதே என்று, "இன்னைக்கு மட்டும்" அதன் வாயை அடைத்தவள் அவளேதான்.

உயிர்ப்பித்தாள். அவள் வைத்த பிழை சிக்கியது: சிவப்பு. அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். நாலே முக்காலுக்குத் திரையில் ஒரே ஒரு சிவப்பு மட்டும் போக மாட்டேன் என்று நின்றது. குழாய் அடைக்கிற அதே நொடியில் மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறினால், பம்பு நிற்கவில்லை. இது அவள் வைத்ததல்ல, சிப்பிலேயே இருந்த பிழை.

"அய்யோ, ஃபாக்டரிக்கு நான் என்ன சொல்றது!" கிருஷ்ணகுமார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

ரோஸ்லின் நாற்காலியை இழுத்துப் போட்டு, டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சொதிச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.