ஞாயிறு கடலுக்குப் போகாத படகு

பயம் ஒன்று வந்தால் எத்தனை நாளைக்கு நிற்கும்? மூன்று கிழமைக்கு முன்னர் ஒரு ஞாயிறு காலை எனக்குத் தொடங்கியது... இதை எழுதும்போதும் முழுதாகப் போகவில்லை.

காலை ஒன்பது மணி இருக்கும். முரசுமோட்டையில் என் வீட்டுக் குசினியில் புட்டு அவித்துக்கொண்டு நிற்கிறேன். போன் அடித்தது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஜசிந்தா. அவர்களுடைய மீனவர் சங்கத்துக்கு, எந்தப் படகு எப்போது போனது என்று பதிய, நான் ஒரு டேட்டாபேஸ் செய்து கொடுத்து மூன்று வருஷமாகிறது. அந்த நாளிலிருந்து பழக்கம்.

"அக்கா, இவர் கடலுக்குப் போயிட்டாரோ எண்டு உங்கட கொம்பியூட்டரில ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

'இவர்' என்றால் கணவர் அன்ரன். மாங்குளத்தில் எஞ்சின் சாமான் ஒன்று வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு விடிய முன்னமே வெளிக்கிட்டவர். ஞாயிறு எந்தக் கடை திறந்திருக்கும் என்று ஜசிந்தாவுக்குச் சந்தேகம்; அவர் போனும் வேலை செய்யவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு பலத்த காற்று வீசும், ஒருவரும் கடலில் இறங்க வேண்டாம் என்று முதல் நாளே அறிவித்தல் வந்திருந்தது.

"படகு கரையில நிக்குதோ இல்லையோ எண்டு பாத்தாத் தெரியுமெல்லோ?"

"காத்துக்குப் பயந்து எல்லாரும் நேற்றே படகுகளை இழுத்து அங்கங்க ஏத்திப் போட்டினம் அக்கா. எது எங்க கிடக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. இரவு காவலுக்கு நிண்டவரும் போன் எடுக்கிறாரில்லை."

சங்கச் செயலாளர் அருளப்பு அண்ணை அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றார். தேடிப் போக ஒரு படகும் இரண்டு பேரும் தயார். ஆனால் அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் - "பத்தரைக்குப் பிறகு நான் ஒருத்தரையும் இறக்க மாட்டன். ஆள் கடலில எண்டு தெரிஞ்சாத்தான் அனுப்புவன்." சரிதானே? ஒருவரைத் தேட இரண்டு பேரைக் காற்றுக்குள் அனுப்புவதென்றால் சும்மாவா?

அடுப்பை அப்படியே விட்டுவிட்டு லப்டொப்பைத் திறந்தேன்.

யார், யாரோடு, எந்தப் பக்கம் போனார் என்ற முழு விபரமும் சங்க அலுவலகத்து மெஷினுக்குள் இருக்கிறது. ஞாயிறு என்றால் அலுவலகம் பூட்டு. வீட்டிலிருந்து எனக்குத் தெரிவது 'வியூ' என்று நாங்கள் சொல்லும் சில பட்டியல்கள் மட்டுமே. பூட்டிய அலுமாரியின் கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி, தெரிகிற பக்கம் மட்டும் தெரியும். மிச்சத்தை, டேட்டாபேஸுக்குள் எழுதி வைத்த விதிகளை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

அதில் ஒரு கண்டிப்பு உண்டு. அந்தப் பட்டியல்களும் விதிகளும் உண்மையென்றால், உள்ளே என்னென்ன இருக்கலாம்? அப்படி இருக்கக்கூடிய எல்லா நிலைமையிலும் சரியாக வருகிற விடையைத்தான் 'உறுதி' என்று சொல்லலாம். ஒன்றிலாவது பிழையாக வந்தால் அது 'இருக்கலாம்' மட்டும்தான். இதை என் கொம்பியூட்டர் மாணவர்களுக்கு எத்தனை வகுப்பில் தொண்டை வறளப் படிப்பித்திருப்பேன்!

கடலுக்குப் போன படகுகளின் பட்டியலைத் திறந்தேன். காலி.

பட்டியலில் இல்லை என்பதற்காகப் போகவில்லை என்று சொல்ல முடியுமா? முடியாது. பதியாமல் போயிருக்கலாமே. ஆனால் என் கையில் ஒரு விதி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை நாள்; அந்தக் கரையில் எவரும் படகு இறக்குவதில்லை. சங்கமே போட்ட கட்டுப்பாடு. அதை அப்படியே டேட்டாபேஸுக்குள் எழுதியதும் நான்தான். ஞாயிறு எந்தப் படகும் போகாது. இன்று ஞாயிறு. ஆகவே அன்ரன் கரையில்!

"பயப்பிடாதேங்கோ ஜசிந்தா. அவர் கடலில இல்லை. நூறு வீதம்."

அருளப்பு அண்ணை தேடப் போக நின்ற இருவரையும் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டார்.

ஒன்பதே முக்காலுக்குத் திரும்பவும் ஜசிந்தா.

"அக்கா, கடலுக்குப் போறவைக்கு மீன் வைக்க ஐஸ் குடுத்த லிஸ்ட் ஒண்டு இருக்கெல்லோ? அதில இவர் நிக்கிறாரோ?"

நின்றார். சனி பின்னேரம், இரண்டு பெட்டி. அதை நான் முதலே கண்டதுதான். ஞாயிறுதான் போகமாட்டார்களே, பிறகென்ன என்று தாண்டிப் போய்விட்டேன்.

"நாளைக்குப் போறதுக்கு எடுத்திருப்பார்" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"திங்கள் போறதுக்கு ஆராவது சனி பின்னேரம் ஐஸ் எடுப்பினமோ அக்கா? தண்ணியாப் போயிடுமெல்லோ!"

ஐயோ!

அப்போதுதான் விளங்கியது. சங்கம் சொன்னது 'போகக்கூடாது' என்று. நான் எழுதியது 'போகாது' என்று. போகிற படகுகளைப் போனில் பதிவது கரையில் காவலுக்கு நிற்பவர்; ஞாயிறில் அவர் ஒரு படகைப் பதியப் பார்த்தால், என் மெஷின் சிவப்பு எழுத்தில் 'ஏற்க முடியாது' என்று திருப்பி அனுப்பும். அவர் எத்தனை தரம் முயன்று பார்த்துவிட்டு விட்டாரோ? அந்தப் பட்டியலைக் காலியாக வைத்திருந்தது கடலும் இல்லை, பூசையும் இல்லை. நான்தான்.

அருளப்பு அண்ணைக்கு எடுத்தேன். "அண்ணை, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். ஞாயிறில ஆரும் போறவையோ? உண்மையச் சொல்லுங்கோ."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை... போறேல்லை எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம்."

வேறு என்ன வேண்டும்? பத்து பத்துக்குத் தேடுகிற படகு இறங்கியது. என் உறுதியான விடை முக்கால் மணித்தியாலத்தைத் தின்றிருந்தது. புட்டு அடிப்பிடித்து வீடெல்லாம் கருகல் மணம். நான் கதிரையில் இருப்பதும் எழும்புவதும் வாசலுக்குப் போவதும்... அன்ரன் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். நூறு வீதம் என்றேனே! யார் கேட்டது என்னிடம் வீதம்?

பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது. எடுக்கப் பயம்.

"கொண்டு வந்திட்டினம் அக்கா. எஞ்சின் நிண்டு போய் இழுபட்டுக்கொண்டு நிண்டவராம்." அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "காத்து வந்தா ஒரு கிழமைக்குப் போகேலாது, அதுதான் இண்டைக்கே போயிட்டு வருவம் எண்டு நினைச்சவராம். உயிரோட வந்திட்டார். இனி நான்தான் கொல்லப் போறன்!"

நான் சத்தம் போட்டே அழுதேன். வெட்கமென்ன?

அடுத்த கிழமை சங்கத்தோடு கதைத்து அந்தத் தடையை எடுத்துவிட்டேன். கட்டுப்பாடு சங்கத்தில் அப்படியே இருக்கிறது; மெஷின் மட்டும் இனி யாரையும் திருப்பி அனுப்பாது. காவலுக்கு நிற்பவர் கண்டதைக் கண்டபடி பதியலாம்.

போன ஞாயிறு விடிய ஆறு மணிக்குப் பட்டியலைத் திறந்தேன். நான்கு படகுகள்.

மூன்று வருஷமாக, ஒவ்வொரு ஞாயிறும் அது காலியாக இருந்தது... நானும் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.