மிதிகட்டை உத்தியோகம்

நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தபோது, எந்த உத்தரவும் இல்லாமல் பார்த்த இன்னொரு வேலை உண்டு. திண்டுக்கல்லில் எங்கள் மாதா கோயிலில் இருந்த கால் ஆர்மோனியத்தை மிதித்துக் காற்று அடிப்பது. நயா பைசா புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்த சமயம் அது.

அதை வாசித்து வந்த வாத்தியார் பழனிப் பக்கம் மாற்றலாகிப் போனார். பெட்டியை மூடி வைத்தார்கள். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கன்னியர் பள்ளியில் கை ஆர்மோனியம் கற்றிருந்தாள். இந்தப் பெட்டியையும் வாசிப்பேன் என்று நின்றாள். விரல் எட்டியது. கால் மிதிகட்டைக்கு எட்டவில்லை.

கோயிலில் பாட்டுக்குப் பொறுப்பு உபதேசியார். அவர் அவள் காலைப் பார்த்துச் சிரித்தார்.

"காலு வளரட்டும் பாப்பா. அதுக்குள்ள அய்யலூர்ப் பக்கத்துக் கிளைக்கோயில்காரங்க இந்தப் பெட்டியைக் கேக்குறாங்க."

"அப்பா மிதிக்கட்டும், நான் வாசிக்கிறேன்" என்றாள் மகள்.

"நம்ம சார் மிதிப்பாரா? நாற்காலியில உக்காந்தே பழகின காலும்மா அது!"

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். ஆவணித் திருவிழாவின் பாடற்பூசை முழுவதும் பாட்டு நிற்காமல் வாசித்தால் பெட்டி இங்கேயே இருக்கும். நின்றால் மறுநாளே மாட்டுவண்டி ஏறும்.

நான் முறைப்படி பங்குசாமியாருக்கு அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதினேன். அவர் அதைப் படிக்காமலேயே சாவியைக் கையில் கொடுத்தார். நிர்வாகம் இப்படியா நடப்பது என்று எனக்கு வருத்தம்தான்.

தினமும் காலைப் பூசை முடிந்ததும் அரை மணி நேரம். ஒரே பலகையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உடம்பு ஒரு பக்கமும் கால் இன்னொரு பக்கமுமாக, இரண்டு மிதிகட்டைகளையும் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். எளிய வேலை என்றுதான் நினைத்தேன். முதல் நாளே குரல் வந்தது.

"முத்திரை குத்துற மாதிரி மிதிக்காதீங்கப்பா. பாட்டுல அடி முடியுற இடத்துல மெதுவா."

அடி எங்கே முடிகிறது என்று தெரிய, பாட்டைக் கேட்க வேண்டியிருந்தது. பல வருஷம் பூசைக்குப் போயும் அதுவரை நான் பாட்டைக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

பிறகு ஜமாபந்தி வந்தது. கிராமக் கணக்குகளை எல்லாம் தணிக்கை செய்யும் காலம். விடிந்ததும் ஆபீசில் இருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்கப் பயிற்சி இல்லை. நிலுவையைத் தீர்க்கும் வழி எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக உட்கார்ந்து வாரக் கணக்கை முடித்துவிட முடிவு செய்தேன். பாதியில் அவள் விரல்கள் தடுமாறின. என் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு நொண்டிக்கொண்டே வந்தேன்.

மனைவி காலுக்கு எண்ணெய் தேய்த்தபடி கேட்டாள்: "ஏங்க, ஒரு வாரத்துச் சோறு அம்புட்டையும் ஞாயித்துக்கிழமையே தின்னுருவீகளா?"

மறுநாள் தாசில்தாரிடம் போய், காலையில் அரை மணி நேரம் தாமதமாக வருவேன், மாலையில் இருந்து ஈடுகட்டுகிறேன் என்றேன். காரணம் கேட்டார். மகளின் சங்கீதம் என்றேன்.

"எந்த விதியிலய்யா இது வருது?"

"எந்த விதியிலும் வராதுங்க. எந்த விதியும் தடுக்கவும் இல்லைங்க."

விதிப் புத்தகத்தை என்னைவிட அதிகம் படித்தவர் அந்த ஆபீசில் இல்லை. விட்டுவிட்டார். அதன்பின் திருவிழா வரை நாங்கள் ஒரு நாளும் பயிற்சியை விடவில்லை. அவளுக்குச் சளி பிடித்த நாளில்கூடப் பத்து நிமிஷமாவது உட்கார்ந்தோம். பிள்ளையைப் பாட்டு வகுப்பில் சேர்த்துவிட்டு, வாரம் ஒருமுறை 'என்னம்மா கத்துக்கிட்டே' என்று விசாரிக்கும் தகப்பன்மார்களை இன்றும் பார்க்கிறேன். அவர்களும் தினமும் பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால், பிள்ளை எங்கே மூச்சு வாங்குகிறது என்றாவது தெரியும்.

திருவிழா அன்று கோயிலுக்குள் நிற்க இடமில்லை. பூசை பாதி தாண்டியிருக்கும். என் இடது காலுக்குக் கீழே மிதிகட்டை தொப்பென்று விழுந்தது. துருத்தியை இழுக்கும் தோல்வார் அறுந்துவிட்டது. சத்தம் இளைத்தது. உபதேசியார் திரும்பிப் பார்த்தார். நான் வலது காலால் மட்டும் வேகமாக மிதித்தேன். மகள் என்னைப் பார்க்கவே இல்லை. இடது கையைச் சுரக்கட்டைகளிலிருந்து எடுத்துவிட்டு, காற்று குறைவாகச் செலவாகும்படி, வலது கையால் மெட்டை மட்டும் வாசித்தாள். அடி முடியும் இடங்களில் ஒரு மூச்சு வாங்கும் அளவு இடைவெளி விட்டு எனக்கு அவகாசம் கொடுத்தாள். அந்த இடங்கள் என் காலுக்கும் தெரியும். பூசை முடியும் வரை பாட்டு நிற்கவில்லை.

உபதேசியார் வெளியே வந்து என் காலைப் பார்த்தார். "வாரை நான் தைக்கச் சொல்றேன் சார். பெட்டி எங்கேயும் போகாது. நாளைக்கு வந்துருவீக இல்ல?"

"வராம?" என்றாள் மகள்.

சில வருஷங்களில் அவள் கால் மிதிகட்டைக்கு எட்டிவிட்டது. "இனி நானே மிதிச்சுக்குவேன்பா" என்றாள். ஆனால் பணியிலிருந்து விடுவிக்கும் உத்தரவு எழுத்தில் எதுவும் வரவில்லை. எனவே மறுநாளும் போய்ப் பலகையில் உட்கார்ந்தேன். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.