மூணாவது பிளக்

அரியலூருக்கு ஒரு மைல் இருக்கையில மாமாவோட காரு இருமி இருமி நிக்குது. பெட்ரோலுக்கு ரேஷன்னு மாமா மண்ணெண்ணெய கலந்து ஊத்தியிருக்காரு. பெரம்பலூர்ல பஸ்ஸ விட்டுட்டு நின்ன பூலாம்பாடி அம்மா ஒருத்தவங்கள ஏத்தியிருக்கேன். மவன் பட்டாளத்துக்குப் போறானாம், ரயிலடியில பாக்கணும். மடியில முறுக்கு டப்பா.

"வண்டிக்கு என்ன தம்பி?"

"மண்ணெண்ண குடிச்சா உங்களுக்கும் இப்படித்தான் இருமும் பெரியம்மா."

"பேசாம வைத்தியத்தப் பாரு."

"இவளுக்கு நாலு பிளக்கு, நாலு புள்ளைங்களாட்டம். எது வேல செய்யலன்னு பாத்தாப் போதும்."

எஞ்சின மறுபடி ஓடவிட்டு, கையில துணி சுத்திக்கிட்டு பிளக் ஒயர ஒவ்வொண்ணா கழட்டி மாட்டுறேன். மொத ரெண்டையும் கழட்டறப்ப எஞ்சின் முன்னவிட அதிகமா தடுமாறுது. மூணாவத கழட்டறேன், சத்தம் மாறவே இல்ல. இதுதான் சோம்பேறி. எஞ்சின நிறுத்தி பிளக்க எடுத்துப் பாத்தா அடுப்புக்கரியாட்டம் இருக்கு. கத்தியால சுரண்டி மாட்டி, எஞ்சின ஓடவிடுறேன். இருமல் நிக்குது.

அப்ப ரயில் கூவுது. பனைமரத்துக்கு மேல புகை ஊர விட்டு நகந்து போவுது.

"திருப்பட்டுங்களா பெரியம்மா?"

"வேணாம், ரயிலடிக்கே போ. அவன் நின்ன எடத்தையாவது பாத்துட்டு வரேன்."

கியரப் போட்டு வண்டிய எடுக்குறேன். காரு ஒரு எடத்துலயும் தடுமாறாம ஓடுது.