சுருதி, ஸ்மிருதி, அப்பா

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நன்றாக எழுதக் கூடியவர்கள் நம் குடும்பத்தில் சிலர் உண்டு. ஆனாலும், "கூட இருந்து பார்த்தவ நீதான், நீயே எழுது" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். கூட இருந்து பார்த்தவளுக்கு எழுதத் தெம்பு மிச்சம் இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. அசதியோடுதான் எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது சேவுகம்பட்டியில், நெல்லும் வாழையும் போட்டுப் பிழைத்த ஒரு விவசாயக் குடும்பத்தில். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். வத்தலக்குண்டுப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போது தாயாரும் போய்விட்டார்கள். தன் பெரியப்பா வீட்டில் வளர்ந்தார். அந்தப் பள்ளியில்தான் காசிம் மாமா அவருக்கு நண்பரானார். பின்னாளில் பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த அதே காசிம் மாமாதான். இன்றைய நினைவு நாளில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்.

அப்பாவின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது மாமா கேட்ட ஒரு கேள்வி. "ஏலே, எங்களுக்கு நபி இருக்காக, கிதாபு இருக்கு. ஒங்க மதத்த யாருலே ஆரம்பிச்சா? எது ஒங்க புத்தகம்?" என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறார். "கேட்டுட்டு வாரேன்" என்று போன அப்பா முதலில் கருப்பசாமி கோயில் பூசாரியிடம் கேட்டார். "சாமியக் கும்புடணும், கேள்வி கேக்கக் கூடாது" என்று திருநீற்றைப் பூசி அனுப்பிவிட்டார் பூசாரி. பிறகு பெருமாள் கோயில் பட்டரிடம் கேட்டார். "இதுக்கு ஆரம்பமே கிடையாதுப்பா, இது அனாதி" என்றார் பட்டர். ஆதி இல்லாதது என்ற பொருளில் அவர் சொன்னார். எங்கள் பக்கத்தில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைத்தான் அனாதி என்போம். மறுநாள் அப்பா பள்ளிக்கூடத்தில் போய், "எங்க மதம் அனாதியாம்டா" என்று சொல்ல, "அடப் பாவமே!" என்று மாமா நிஜமாகவே வருத்தப்பட்டாராம்.

இந்தக் கதையை அப்பா வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். "நம்மள மாதிரிதான் போல இந்த மதமும், பெத்தவுக இல்லாம வளந்துருச்சுன்னு நெனச்சேன்" என்பார். அவருடைய தாயார் இறந்த வருடம் அது என்பதைப் பெரியவளான பிறகுதான் நான் சேர்த்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கதைக்கு என்னால் பழையபடி சிரிக்க முடியவில்லை.

படிப்பு முடிந்ததும் திண்டுக்கல் ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை கிடைத்தது. வண்டிக்கும் வண்டிக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில் அப்பா படித்தார். வேதத்துக்கு உரை, உபநிடதத்துக்கு உரை, புராணம் என்று எது கையில் கிடைத்தாலும் படித்தார். தானாகவே வடமொழி எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். அம்மா அவருக்கு நேர்மாறு. வெள்ளிக்கிழமை விளக்கு, ஆடி மாதம் கூழ், அத்துடன் சரி. "ஒங்கப்பாவுக்குச் சாமி கும்புட நேரமில்ல, சாமியப் பத்திப் படிக்க மட்டும் அம்புட்டு நேரமிருக்கு" என்று சொல்லிக்கொண்டே காபியைக் கொண்டு வந்து புத்தகத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள்.

மூத்தவள் பிறந்ததும் அப்பா சுருதி என்று பெயர் வைத்தார். அடுத்துப் பிறந்த எனக்கு ஸ்மிருதி. காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் சலிக்காமல் விளக்கம் சொல்வார். வேதத்தை உட்கார்ந்து எழுதியவர் என்று யாரும் இல்லை. காதால் கேட்டு வாயால் சொல்லியே வந்தது. ஆகவே அது சுருதி, கேட்கப்பட்டது. இதிகாசம், புராணம், தர்ம நூல்கள் எல்லாம் மனிதர்கள் நினைவிலிருந்து எடுத்துச் சொன்னவை. ஆகவே அவை ஸ்மிருதி, நினைக்கப்பட்டவை. கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "பெரிய பாப்பாவப் பாட்டு கிளாசுல சேக்கலையா?" என்பார்கள். அக்காவின் குரல் எப்படிப்பட்டது என்பது உறவினர்களாகிய உங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊர் அந்தப் பெயர்களைத் தாங்கவில்லை. ரேஷன் கார்டில் அக்கா சுருளி ஆனாள். அப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் அம்மா என்னைப் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனார்கள். தலைமையாசிரியர் இரண்டு முறை முயன்றுவிட்டு, "வாய்க்குள்ள நொழையலம்மா, சுமதின்னு போட்டுக்கிருதேன்" என்றார். அம்மாவும் சரி என்று வந்துவிட்டார்கள். அன்று முதல் இன்று வரை ஊருக்கும் உறவுக்கும் நான் சுமதி. அப்பா மட்டும் விடவில்லை. வீட்டுக்குள் கடைசி வரை ஸ்மிருதி என்றே அழைத்தார். "தப்பா எழுதிட்டாக, பரவால்ல. ஸ்மிருதின்னா காலத்துக்குத் தக்கன மாறத்தான் செய்யும்" என்று என்னைத் தேற்றுவார்.

அவருடைய சாத்திர அறிவால் வீட்டில் அதிகம் அடிபட்டவள் நான்தான். சுருதியும் ஸ்மிருதியும் முரண்பட்டால் சுருதி சொல்வதே செல்லும் என்று ஒரு விதி உண்டாம். ரிமோட்டுக்குச் சண்டை வந்தாலும் சன்னலோர இருக்கைக்குச் சண்டை வந்தாலும் அப்பா அந்த விதியைச் சிரித்துக்கொண்டே எடுத்துவிடுவார். அக்கா ஜெயித்துவிடுவாள். நான் அழுதால், "சுருதி ஒன்னும் சொல்லாத எடத்துல ஸ்மிருதி சொல்றதுதான் சட்டம், தெரியுமா?" என்பார். அக்கா ஒன்றும் சொல்லாத இடம் எங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.

ஸ்மிருதி நூல்களில் பெண்களைத் தாழ்த்தியும் பிறப்பைக் காட்டி மனிதர்களைப் பிரித்தும் எழுதப்பட்டவற்றைக் கல்லூரி நாட்களில் படித்துவிட்டு, இந்தப் பெயரை எனக்கு ஏன் வைத்தீர்கள் என்று சண்டை போட்டிருக்கிறேன். "அது மனுசன் சொன்னது. மனுசன் சொன்னதுல தப்பு இருக்கும். தப்பத் தள்ளு, நல்லத வச்சுக்க. அதுக்குத்தான் அது ஸ்மிருதி" என்றார். தன் மதத்தில் ஒரு குறையைச் சொன்னால் அவருக்குக் கோபம் வந்ததில்லை. எந்தச் சாமி பெரிது என்று யாராவது பேச்செடுத்தால்தான் முகம் சுளிப்பார். "ஆத்தூர் தண்ணி, பேரணைத் தண்ணி, லாரித் தண்ணின்னு நம்ம ஊர்ல பேசிக்கிறோம். தாகத்துக்குத் தெரியுமாய்யா எந்தத் தண்ணின்னு?" என்பார். வருடம் தவறாமல் சேவுகம்பட்டிக்குப் போய்ப் புத்தகமே இல்லாத கருப்பசாமியிடம் அதே திருநீற்றை வாங்கிக்கொள்வார்.

உபநிடதத்தில் அவருக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பரம்பொருளை இன்னது என்று காட்ட முடியாத ரிஷிகள், இது இல்லை, இது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போன இடம். சின்னாளப்பட்டிக்குச் சுங்குடிச் சேலை எடுக்கப் போனபோது அம்மா கடைக்காரரிடம், "அது இல்ல... அதுவும் இல்ல" என்று சேலைகளை மலையாகக் குவித்துவிட்டார்கள். அப்பா ஓரமாக உட்கார்ந்து சிரித்தார். "தேடுறது என்னன்னு ஒங்கம்மாவால சொல்ல முடியாது. ஆனா உள்ளுக்குள்ள தெரியும். தெரியலைன்னா எப்படி அது இல்ல, அது இல்லன்னு சொல்றா?" என்றார்.

அம்மா புற்றுநோயில் படுத்தபோது அப்பாவே உடனிருந்து பார்த்துக்கொண்டார். புத்தகத்தைத் தொடக்கூட இல்லை. அம்மா போன பின் சில ஆண்டுகள் தனியாகத் திண்டுக்கல் நாகல்நகர் வீட்டில் இருந்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தார், பிறகு வீட்டுக்கு வரும் வழியை மறந்தார். மறதி நோய் என்றார் மருத்துவர். அக்கா பூனாவில் இருந்தாள். நானும் என் வீட்டுக்காரரும் அப்பாவிடம் குடிவந்தோம்.

அந்த ஆண்டுகளைப் பற்றி விரித்து எழுத மாட்டேன். வேலைக்கும் போய்க்கொண்டு இப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு எழுதாமலே தெரியும். ஒரே கேள்விக்குக் காலையிலிருந்து மாலை வரை பதில் சொல்லியிருக்கிறேன். தூங்க மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். அதெல்லாம் தாங்கக்கூடியதாக இருந்தது. தாங்க முடியாமல் போனது வேறொன்று. அப்பாவுக்கு நான் யார் என்று தெரியாமல் போனது.

அக்காவைத் தெரிந்தது. தினமும் போன் வரும். ஸ்பீக்கரில் "அப்பா" என்ற குரல் கேட்டதும் அவர் முகம் மலரும். "சுருதியா? சாப்டியாத்தா?" என்பார். அக்கா அந்தப் பக்கம் அழுவாள். இந்தப் பக்கம் போனைப் பிடித்திருப்பது என் கை. பேசி முடித்ததும், "நான் யாருப்பா?" என்று கேட்பேன். கேட்டுச் சோதிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தும் கேட்பேன். உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க நல்லவுக" என்பார். பெற்ற மகளை "நீங்க" என்றார். எத்தனையோ நூல்களை நினைவில் வைத்திருந்தவருக்கு ஸ்மிருதியை மட்டும் நினைவில்லையே என்று மனம் வெந்தது. அக்கா மேல் பொறாமைப்பட்டேன். சாகும் முன் ஒரே ஒரு முறை என் பெயரைச் சொல்லிவிட மாட்டாரா என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதலே இல்லாமல் போயிற்று. பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

கடைசி நாட்களில் ஒரு மத்தியானம் காசிம் மாமா வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா பதில் பேசுகிறாரா என்று கவலைப்படாமல் ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் என்னைப் பார்த்து, "சுமதி, செத்த தண்ணி கொண்டாத்தா" என்றார்.

"சுமதி இல்ல" என்றார் அப்பா.

நான் நின்றுவிட்டேன். மாமா குனிந்து, "அப்ப யாருலே இவ?" என்றார்.

அப்பாவின் உதடு அசைந்தது. எதையோ எட்டிப் பிடிக்கப் பார்க்கிறவர் மாதிரி நெற்றி சுருங்கியது. ஒன்றும் வரவில்லை.

"சாந்தியா?"

"அது இல்ல."

"சரசுவதியா?"

"அதுவும் இல்ல. அது... தப்பா எழுதிட்டாக" என்றார் அப்பா. கண்ணை மூடிக்கொண்டார்.

"விடாத்தா, அசந்துட்டான்" என்றார் மாமா. நான் அடுப்படிக்குப் போய் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். என் பெயர் அப்பாவிடம் இல்லை. ஆனால் எது என் பெயர் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சேலைக் கடையில் அவர் சொன்னதை அப்போது நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் தெரியாவிட்டால் எப்படி இல்லை என்று சொல்வார்? மாமாவுக்குத் தண்ணீர் கொண்டு போக வெகுநேரம் ஆயிற்று.

சில நாட்களில், ஒரு காலை நேரத்தில், அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். அக்கா விமானத்தில் மதுரை வந்து இறங்கி ஓடி வந்தாள். ஐயரை அழைப்பதா, ஓதுவாரை அழைப்பதா, ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் கொள்ளி யார் வைப்பது என்று பெரியவர்கள் மூத்தவளான அக்காவிடம் கேட்டார்கள். முதல் முறையாக அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள். ஓதுவார் பதிகம் பாடட்டும், கருப்பசாமி கோயில் திருநீறு சேவுகம்பட்டியிலிருந்து வரட்டும், நாங்கள் இருவரும் சேர்ந்து கொள்ளி வைக்கிறோம் என்றேன். அப்படியே நடந்தது. மயானத்தில் காசிம் மாமா தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் கிளம்பிய பிறகும் அசையவில்லை. அருகில் போய்க் கையைப் பிடித்தேன். "இப்ப நாந்தான்டா அனாதி" என்றார், என்னிடம் இல்லை, நெருப்பிடம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவர், அப்பாவைக் குளிப்பாட்டவும் திருப்பிப் படுக்க வைக்கவும் துணை நின்ற செவிலிப் பெண், வழி மறந்து நின்ற அப்பாவை எத்தனையோ முறை கைபிடித்து அழைத்து வந்துவிட்ட தெருக்காரர்கள், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் கறியில்லாமல் சமைத்து மூன்று வேளையும் அனுப்பிய காசிம் மாமா வீட்டார், ஒரு நாளும் முகம் கோணாத என் வீட்டுக்காரர், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தினமும் போன் செய்து அப்பாவைச் சிரிக்க வைத்த அக்காவுக்கும் என் நன்றி. இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் போனை வைத்துவிட்டாள். பிறகு அவளே அழைத்து, "ஒரு எழுத்தும் மாத்தாத" என்றாள்.

அச்சுக்குக் கொடுத்த பிறகு சேர்க்கும் வரிகள் இவை. நேற்று அச்சகத்திலிருந்து ஒரு தம்பி பேசினார். "அக்கா, கட்டுரைக்கு அடியில பேரு ஸ்மிருதின்னு வந்திருக்கு. டைப் பண்ணுனவுக தப்பா அடிச்சிட்டாக போல. சுமதின்னு மாத்திரவா?"

"சுமதி இல்ல தம்பி" என்றேன்.

அப்பாவின் இளைய மகள்,
ஸ்மிருதி