சல்லடையை அடைத்த துணி

கழிவுநீர் இறைக்கும் நிலையத்து வேலையை உதறிவிட்டுப் போலாரம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன்.

வீட்டுச் சாக்கடையெல்லாம் அங்கே ஆழமான தொட்டியில் சேரும். கம்பிச் சல்லடை குப்பையைத் தடுத்தபின் பம்பு நீரைச் சுத்திகரிப்புக்கு அனுப்பும். ஜனங்கள் கழிப்பறையில் போடும் துணி அன்று மதியமும் சல்லடையை அடைத்தது. கொக்கியால் எடுக்கப் பொறுமையில்லாமல், "இறங்குங்கடா, நிமிஷ வேலை" என்றார் நம்மூர் மேஸ்திரி.

கூட்டாளி யாதய்யா ஏணியில் இரண்டு படி இறங்கினான். விஷவாயுவில் அவன் தலை சாய்ந்ததும் சட்டையைப் பிடித்து மேலே இழுத்துப்போட்டேன். மூச்சு வந்ததும், "நக்கோ பாய், இனிமே நக்கோ" என்று, வேண்டவே வேண்டாமென அழுதான்.

"சரி, நீ இறங்கு" என்றார் மேஸ்திரி என்னிடம்!

யாதய்யாவை வீட்டில் சேர்த்துவிட்டு நடையைக் கட்டினேன்.

மறுநாள் காலை மாரெட்பள்ளி மெஸ் ஒன்றில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தேன். முதல் வேலையாகக் கழுவுதொட்டி ஓட்டையில் வலை கட்டினேன்.

"எதுக்குப்பா இது?" என்றார் முதலாளி.

"இங்கே துணி போனா, அங்கே ஒரு ஆளை இறக்குவாங்கண்ணே."