விழுந்த வாழையும் என் விதிமுறையும்

ஓய்வு பெறும்வரை பயிர்ச்சேத மனுக்களைப் பரிசீலித்தவன் நான். அதனால் லால்குடிப் பக்கம் என் மைத்துனனின் பூவன் வாழைத் தோட்டம் காற்றில் சாய்ந்தது என்று கேட்டதும், ஸ்ரீரங்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அறுவடைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. எனக்கு முன்பே ஒரு வியாபாரி வேனோடு வந்திருந்தார்.

“இன்னிக்கே வெட்டிக் கொடுத்துடுங்க. முன்ன மாதிரி இல்லீங்க, இப்ப தோல்ல ஒரு கருப்பு இருந்தாலும் கடைக்காரங்க திருப்பி அனுப்பிடறாங்க. நாளைக்கு வெயில் பட்டுதுன்னா நானே தொடமாட்டேன்” என்றார்.

“அதிகாரி வந்து பாக்காம ஒரு தாரையும் வெட்டக் கூடாது. வெட்டினா நிவாரணம் போச்சு” என்றேன்.

மைத்துனன் என்னையும் வேனையும் மாறி மாறிப் பார்த்தான். “மாமா சொன்னா சரிதாங்க” என்று வியாபாரியை அனுப்பிவிட்டான்.

எல்லா இணைப்புகளோடும் மனு எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் ஓர் இளம் அதிகாரி வந்தார். அதற்குள் தார்கள் கருத்துப்போய் ஈ மொய்த்துக் கிடந்தன.

“ஏன் சார் இப்படி விட்டீங்க? போன்ல படம் எடுத்து அனுப்பிட்டு அன்னிக்கே வித்திருக்கலாமே. இப்ப அதுதானே நடைமுறை?”

என்னைக் கேட்காமலே மாற்றியிருக்கிறார்கள்.

மைத்துனன் கோபப்படவில்லை. அதிகாரியை வழியனுப்பிவிட்டு வந்து, “மனுவுல ஒரு தப்பும் இல்லைன்னு சொன்னாரு மாமா” என்றான்.

இந்த ஆண்டும் காற்று அடித்தது. தார்கள் மார்க்கெட்டுக்குப் போன பிறகுதான் எனக்குச் செய்தி சொன்னான்.