மொண்ணை மாஸ்டரின் வாஷர்

நாடகக் குழுவில் அவருக்கு மொண்ணை மாஸ்டர் என்று பெயர். வேறு யாரையாவது அப்படிக் கூப்பிட்டால் சண்டைக்கு வருவார்கள். இவருக்கோ பட்டம் வாங்கிய பெருமை. மேடைச் சண்டைக்கு வாள் செய்கிறவருக்கு அதைவிடப் பாராட்டு ஏது? லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை வெட்டி, காய்ச்சி, தட்டி, அந்தக் காலத்துப் போர்வீரனின் ஒற்றைக் கை வாளை அச்சு அசலாகச் செய்துவிடுவார். பார்த்தால் தலையைச் சீவிவிடும் போலிருக்கும். அழுத்தினால் தக்காளிகூட அறுபடாது. "இருபது வருஷத்துல என் வாள் ஒரு சொட்டு ரத்தம் பாத்ததில்ல" என்று வாரம் ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அவர் செய்த முதல் வாள், குழுவில் சண்டை போடும் ஒரே பெண்ணுக்கு. பிடி பெரிதாக இருக்கிறது என்று அவள் நான்கு முறை திருப்பி அனுப்பினாள். ஐந்தாம் முறை அளவெடுக்கக் கையைப் பிடித்த மனிதர் விடவே இல்லை. மனைவியான பிறகும் அவள் அதே வாளோடுதான் மேடையேறுகிறாள்.

வாளும் வாளும் மோதினால் விளிம்பில் பிசிறு எழும். அது கையைக் கிழித்துவிடும். அதனால் ஒவ்வொரு நாடகத்துக்குப் பிறகும் அரத்தால் ராவி எடுப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பித்தளை வாஷரை எடுத்து, விளிம்போடு ஒட்டிவைத்து நகத்தால் தடவுவார். வாஷரைவிட விளிம்பு மெலிந்திருந்தால் அந்த வாள் பழைய இரும்புக்குப் போய்விடும். வாஷர் கறுத்திருந்தாலும் பொறுக்க மாட்டார், எமரித் தாளில் தேய்த்துப் பளபளப்பாக்குவார். கடைசியாக வாளைத் தன் முன்கையில் அழுத்தி இழுப்பார். தோல் கிழியாவிட்டால் வாள் தேறியது.

போன வார ஒத்திகையில், மனைவியோடு மோதும் நடிகனின் விரல் முட்டியில் கீறல் விழுந்து ரத்தம் வந்தது. சத்தமில்லாமல் நடப்பதால் அவனைப் பூனை என்பார்கள்.

"மோதிரம் பட்டிருக்கும் மாஸ்டர்" என்று மழுப்பினான். அவன் கையிலும் மோதிரம் இல்லை, அவள் கையிலும் இல்லை.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. மனைவியின் வாளை வாங்கி வாஷரை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. முன்கையில் இழுத்தார். கோடுகூட விழவில்லை. "பாத்துக்கோங்கப்பா! வாள் மேல பழி போடாதீங்க" என்று முறைத்துக்கொண்டே பட்டறைக்குப் போய்விட்டார்.

மனைவி பின்னாலேயே வந்தாள். டப்பாவிலிருந்து அதே அளவில் ஒரு புது வாஷரை எடுத்துப் பழையதன் பக்கத்தில் வைத்தாள்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க."

பழையது பாதி கனம்தான் இருந்தது. வாளை ராவ ராவ வாள் மெலிந்தது, தேய்க்கத் தேய்க்க வாஷரும் கூடவே மெலிந்தது. இத்தனை வருஷமாக இரண்டும் ஒத்துப்போய் அவரை ஏமாற்றியிருக்கின்றன. ஏமாந்தவரும் லேசுப்பட்டவரா, யாராவது வாய் திறந்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்.

இரண்டு வாஷரையும் விரலிடுக்கில் மாற்றி மாற்றி உருட்டிப் பார்த்தார். பிறகு பூனையைத் தேடிப் போய், "தப்பு என்னோடதுப்பா" என்றார். திரும்பி வந்து எல்லா வாளையும் புது வாஷரால் அளந்தார். ஐந்து தேறவில்லை. அவளுடையதுதான் எல்லாவற்றிலும் மெலிவு.

"அது இல்லாம எனக்குச் சண்டையே வராதுங்க. வெள்ளிக்கிழமை நாடகம்" என்றாள். அவள் கண் கலங்கியதை அவர் அதுவரை மேடையில்தான் பார்த்திருக்கிறார்.

"பிடி உன்னோடதுதான். அலகு மட்டும் புதுசு" என்று அந்த வாளைத் தானே அறுத்தார்.

மூன்று நாளில், பழைய பிடியில் புது அலகு ஏறியது. வாஷர் சரி என்றது. வழக்கம்போல முன்கையை நீட்டினார்.

அவள் தடுத்தாள். "இருபது வருஷமா இழுத்து இழுத்து உங்க தோல் செருப்பாட்டம் காய்ச்சுப்போச்சு. அதுல எது கீறும்? இதுல பாருங்க." சட்டைக் கையை மடித்துத் தன் கையை மேசைமேல் வைத்தாள்.

அவர் வாளை அவள் முன்கைமேல் வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"வலிச்சுதா?"

"நீங்க இன்னும் இழுக்கவே இல்லைங்க."